கட்டடக்கலை படிக்க வெளிநாடு அனுப்பும் கன்சல்டன்சிகள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வெளிநாட்டில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பித் தொழில் செய்யலாம் என்று நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றிய கன்சல்டன்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே பேச்சை இன்றும் எத்தனையோ பேர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என்னிடம் சொன்னது இதுதான்: "இங்கே பி.ஆர்க் அஞ்சு வருஷம். பிரிட்டன்ல மூணே வருஷம். ஆர்.ஐ.பி.ஏ. அங்கீகாரம் இருக்கு. திரும்பி வந்ததும் நேரா ஆபீஸ் போட்டுடலாம்."

ஆர்.ஐ.பி.ஏ. என்பது பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட்கள் அமைப்பு. அதன் அங்கீகாரம் இருந்தது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றினார்கள். அது பார்ட் 1 என்ற முதல் கட்டத்துக்கு மட்டுமான அங்கீகாரம். பிரிட்டனில் வழக்கமான பாதை இப்படி: 3 ஆண்டுப் பட்டம் பார்ட் 1. பிறகு அலுவலகப் பயிற்சி. அதன்பின் 2 ஆண்டு மேற்படிப்பு, அது பார்ட் 2. மறுபடி அனுபவம், கடைசியில் பார்ட் 3 தேர்வு. குறைந்தது 7 ஆண்டு ஆகும். நான் வாங்கிய பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாட்டிலேயே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது.

பல்கலைக்கழகத்தின் கையேட்டில் பாடத்தின் பெயருக்கு அடியிலேயே 'பார்ட் 1' என்று அச்சிட்டிருந்தார்கள். கன்சல்டன்சி கொடுத்த வண்ணத் தாளில் அதே பெயர், அதே முத்திரை, மற்ற வரிகளும் எழுத்துக்கு எழுத்து அப்படியே. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. கைதவறி விட்டுப்போனது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தகுதியை ஏற்க அதே சட்டத்தில் 15-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் என் பட்டம் 5 ஆண்டு பி.ஆர்க்குக்கு ஈடாகவில்லை. கவுன்சிலைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படி. 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்வதற்குத்தான் தடை, டிசைன் செய்வதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அதனால் வேலை கிடைத்தது. நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்த வீட்டின் பிளானில் இன்னொருவர் கையெழுத்து, இன்னொருவர் பதிவு எண். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இதைச் சொல்லிக் கன்சல்டன்சியிடம் முறையிடப் போனபோது இன்னொன்றை விற்கப் பார்த்தார்கள்: ஓராண்டு எம்.ஏ. "இது பார்ட் 2-வா?" என்று கேட்டேன். "மாஸ்டர்ஸ்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராக மின்னஞ்சல் போட்டேன். பார்ட் 2 இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அமெரிக்கா போகிறவர்களுக்கும் இதே குழி உண்டு. அங்கே கட்டடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் வாரியமான என்.ஏ.ஏ.பி.யின் அங்கீகாரம் பி.ஆர்க், எம்.ஆர்க், டி.ஆர்க் பட்டங்களுக்குத்தான். பி.எஸ். இன் ஆர்க்கிடெக்சர் என்ற 4 ஆண்டுப் படிப்பு அதில் சேராது. பெயரைக் கேட்டால் வித்தியாசமே தெரியாது.

"எங்க சேவை இலவசம்" என்பதிலும் மயங்காதீர்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருவது வழக்கம். எந்தப் படிப்பில் சேர்த்தாலும் அவர்களுக்குக் காசு வந்துவிடும். அதனால் பாடத்தின் முழுப் பெயர், எத்தனை ஆண்டு, எந்தக் கட்ட அங்கீகாரம் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து, பதிவு கிடைக்குமா என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: "சேர்க்கை மட்டுமே எங்கள் பொறுப்பு, தொழில் பதிவு மாணவரின் பொறுப்பு." வாயால் சொன்ன வாக்குறுதிக்கு நேர் எதிரான வரி அது. உங்களிடம் நீட்டும் தாளிலும் அப்படி ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.