ஜிபிஎஸ் வெஸ்ட் நீண்ட நாள் பயன்பாட்டில்: முதல் அணியிலிருந்து நடைக் கால்பந்து வரை

கால்பந்து வீரர்கள் ஜெர்சிக்குள் போடும் இறுக்கமான வெஸ்ட்டின் முதுகுப் பையில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி இருக்கும். எடை சுமார் 50 முதல் 80 கிராம். நொடிக்கு 10 முறை இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ், நொடிக்கு 100 முறையோ அதற்கு மேலோ அசைவைப் பதியும் ஆக்சிலரோமீட்டர், உடம்பு திரும்புவதைக் கவனிக்கும் கைரோஸ்கோப், மூன்றும் அதற்குள்ளேயே. இதை அணிந்தே போட்டியில் ஆட 2015-இல் அனுமதி வந்தது. வாங்கிய முதல் மாதம் எல்லாத் திரையும் பிரமாதமாகத் தெரியும். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது ஒரு சீசன் ஓடி முடிந்தால்தான் புரியும். அதே கருவி, கிளப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் நடத்தும் சமூகப் பயிற்சிக்குப் போகும்போது இன்னும் பல விஷயங்கள் மாறிவிடுகின்றன.

முதலில் தினசரி வேலை. பயிற்சி தொடங்குவதற்கு 10–15 நிமிடம் முன்பே கருவிகளை ஆன் செய்து, திறந்த வானத்தின் கீழ், லோகோ மேல்பக்கம் பார்க்க வரிசையாக வைத்துவிட வேண்டும். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் ஆன் செய்து வெஸ்ட்டில் சொருகிவிட்டால், வார்ம் அப் முடியும் வரை கருவி செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும். முதல் சில நிமிட ஓட்டம் பதிவிலேயே இருக்காது. ஒரு வீரருக்கு ஒரு கருவி, சீசன் முழுக்க அதேதான். ஒரே மாடலில் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடினாலும் வேக, முடுக்க எண்கள் சற்று வேறுபடும் என்பதால், இன்று 7-ஆம் எண் கருவி, நாளை 12 என்று மாற்றினால் வித்தியாசம் வீரருடையதா கருவியுடையதா என்று பிரிக்க முடியாது.

வெஸ்ட் தொளதொளவென்று இருந்தால் கருவி முதுகில் தனியாகக் குதிக்கும். ஜிபிஎஸ் தூரம் அதனால் பெரிதாக மாறாது. ஆக்சிலரோமீட்டரிலிருந்து கணக்கிடும் உடல்சுமை எண் மட்டும் ஏறிவிடும். தூரம் அதே, சுமை மட்டும் திடீரென்று கூடுதல் என்றால், வீரர் களைத்துவிட்டார் என்று முடிவுகட்டும் முன் வெஸ்ட் அளவைப் பாருங்கள். பல மாதம் துவைத்த எலாஸ்டிக் தளர்ந்திருக்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல், டிரையரில் போடாமல், நிழலில் உலர்த்தினால் கூடுதல் நாள் வரும்.

அடிக்கடி பழுதாகும் இடம் சார்ஜ் ஏறும் பின்கள். வியர்வை உப்பு காய்ந்து, செப்புப் புள்ளிகளைச் சுற்றிப் பச்சையாகப் படியும். சார்ஜ் பெட்டியில் வைத்தால் விளக்கு எரியும், சார்ஜ் மட்டும் ஏறாது. பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணி. வாரம் ஒருமுறை ஆல்கஹால் தொட்ட பஞ்சு. 25 கருவிகளுக்கு இது பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால், போட்டி நாள் காலையில் நாலைந்து கருவி செத்துக் கிடக்கும்.

இனி எண்கள். வெளிக்கள வீரர் ஒரு போட்டியில் பொதுவாக 10 முதல் 13 கிலோமீட்டர் ஓடுவார். மொத்தத் தூரம் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூரம், 25.2-க்கு மேல் போன ஸ்ப்ரின்ட் தூரம், அன்றைய உச்ச வேகம் ஆகியவைதான் ஃபிசியோவுக்கும் பயிற்சியாளருக்கும் உதவும். இந்த வரம்புகளை சீசன் நடுவில் மாற்றாதீர்கள். கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் (ஃபர்ம்வேர்) அப்டேட்டையும் சீசன் இடைவெளிக்குத் தள்ளிவையுங்கள். வடிகட்டும் கணக்கு மாறினால் அதே ஓட்டம் வேறு எண்ணாகத் தெரியும்.

பெரிய ஆபத்து பொய்யான உச்ச வேகம். உயரமான ஸ்டாண்டை ஒட்டி ஓடும்போது வானத்தில் பாதி மறைந்துவிடும், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும். ஒரு மிட்ஃபீல்டரின் உண்மையான உச்ச வேகம் 34 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்ட் ஓரத்தில் 0.2 நொடிக்கு 41 என்று ஒரு குத்தல் பதிவாகிறது. மென்பொருள் அதையே அவருடைய புதிய உச்சமாக எடுத்துக்கொள்கிறது. வீரர் தன் உச்சத்தில் 90 விழுக்காட்டைத் தொட்டாரா என்று மென்பொருள் பார்க்கும்: 34-இல் அது 30.6, 41-இல் 36.9. அடுத்த நாளிலிருந்து அவர் எவ்வளவு ஓடினாலும் 90 விழுக்காட்டைத் தொடவே இல்லை என்று அறிக்கை வரும். அதை நம்பி ஸ்ப்ரின்ட் கூட்டிக் கொடுத்தால் அடி வாங்குவது அவருடைய ஹேம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசை. ஆகவே புதிய உச்சம் எதையும் தானாக ஏற்றுக்கொள்ள விடாதீர்கள். அந்த நொடியின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: உண்மையான ஸ்ப்ரின்ட் மலைச்சரிவு மாதிரி சில நொடிகளில் ஏறி இறங்கும், பொய் ஊசி மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் எத்தனை செயற்கைக்கோள் பிடித்திருந்தது, இடக்கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று காட்டும் எச்டாப் (HDOP) எண் 1-க்கு அருகில் இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரை போட்ட மைதானத்தில் ஜிபிஎஸ்ஸே வேண்டாம். அங்கே கேமராவோ மைதானத்தைச் சுற்றி வைத்த ரேடியோ கருவிகளால் இடத்தைக் கணக்கிடும் அல்ட்ரா வைட்பேண்ட் முறையோதான் சரி.

கடைசி 7 நாள் சுமையை 28 நாளின் வாரச் சராசரியால் வகுக்கும் விகிதம் பல மென்பொருள்களில் பச்சை, சிவப்பு விளக்காக வருகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் வாரம் 24 கிலோமீட்டர் ஓடினார், பிறகு இரண்டு வாரம் ஓய்வு, இந்த வாரம் 15 கிலோமீட்டர். சராசரி 9.75, விகிதம் 1.54. திரை சிவப்பாகிவிடும், ஓடியதோ வழக்கத்தைவிடக் குறைவு. அதே விகிதத்தை மற்ற நாள்களில் பேச்சைத் தொடங்கும் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதைவிட மலிவான, நம்பத் தகுந்த எண் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து சுமார் அரை மணி கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் வீரரிடம் கேட்டு, அதை நிமிடங்களால் பெருக்குவது. 90 நிமிடம், 6 என்றால் 540. தனியாகத் தன் ஃபோனிலேயே போட வேண்டும். சக வீரர் காதில் விழும்படி கேட்டால் யாரும் 9 என்று சொல்ல மாட்டார்.

வீரர்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் சமூக நிகழ்ச்சிகளையும் இதே மென்பொருளின் நாள்காட்டியில் ஏற்றியே ஆக வேண்டும். பல இடங்களில் சமூகப் பிரிவுக்குத் தனி நாள்காட்டி, பயிற்சிக் குழுவுக்குத் தனி. விளைவு, போட்டிக்கு முந்தைய நாள் இரண்டு மணி நேரம் நின்றபடி கையெழுத்து. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வார்ம் அப் இல்லாமல், சாதாரண ஷூவில், முப்பது நாற்பது பந்து உதைத்தால் தொடையின் உள்பக்கத் தசை பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சியின் நேரம், நிற்க வேண்டுமா, உதைக்க வேண்டுமா, இவ்வளவு குறித்தாலே போதும். ஃபிசியோ சரியான நாளைச் சொல்லிவிடுவார். இந்த வேலையை வீரர்கள் மனசார விரும்பிச் செய்கிறார்கள். அவர்கள் உடம்பைக் காப்பாற்றிக் கொடுத்தால்தான் அடுத்த முறையும் வருவார்கள்.

கருவி சமூகப் பயிற்சிக்குள் வரும்போது எண்களின் பொருளே மாறும். பத்து வயதுப் பிள்ளைக்கு 25.2 கிலோமீட்டர் வரம்பு வைத்தால் ஸ்ப்ரின்ட் எப்போதும் பூஜ்யம்தான். அவரவர் உச்சத்தின் விழுக்காடாக மாற்றிவிடுங்கள். தரவரிசைப் பட்டியலைத் திரையில் போடவே கூடாது. கடைசிப் பெயரைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் வராது. பெயருக்குப் பதில் எண், பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம், பருவம் முடிந்ததும் பதிவை அழிப்பது, மூன்றிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. தொழில்முறை வீரர்களுக்கே தங்கள் உடல்தரவின்மீது உள்ள உரிமைகளைச் சொல்லும் சாசனம் 2022-இல்தான் உலகக் கால்பந்து வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோவிடமிருந்து வந்தது. பிள்ளைகள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும்.

இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 2011-இல் தொடங்கிய நடைக் கால்பந்து இன்று பல கிளப்புகளின் முதியோர் திட்டம். அங்கே ஓடக் கூடாது என்பதே விதி. ஜிபிஎஸ்ஸுக்கு வேலை குறைவு, நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டைக்குத்தான் மதிப்பு. அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு 65 வயதுக்கு 155 என்கிறது; 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 162.5. பெரியவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டுமே செல்லாது. மருந்து துடிப்பைக் கீழேயே பிடித்து வைக்கும், திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கும். ஆடும்போது ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். பட்டை கட்டும் முன் தோலில் படும் அதன் உள்பகுதிகளை நனைக்க மறந்தால் முதல் ஐந்து நிமிடத் துடிப்பு தாறுமாறாக வரும்.

விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் 13 தொழில்முறை கிளப்புகளில், எடை கூடிய 35–65 வயது ஆண் ரசிகர்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கையில் கொடுத்தது சாதாரணப் படி எண்ணும் கருவி. 747 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2014-இல் வெளியானது: ஓராண்டு கழித்து, பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் சராசரியாக 4.94 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். தங்கள் கிளப்பின் மைதானம், தங்கள் கிளப்பின் பயிற்சியாளர், தினம் ஏறும் படிக்கணக்கு, கூடவே உணவு பற்றிய அறிவுரை.

முதல் அணியின் பழைய கருவிகளைச் சமூகப் பிரிவுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்காவிட்டாலும் 45 நிமிடப் பயிற்சிக்குப் போதும். கொடுக்கும் முன் வீரரின் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, ஒரு முறை ஆன் செய்து பழைய பெயர் வருகிறதா என்று பாருங்கள். விடுமுறையில் பெட்டிக்குள் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாக வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தவை பெரும்பாலும் திரும்ப எழுவதில்லை.