பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன், மூன்றும் திருடனுக்கே போனது

பெங்களூரு கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், குடோன் பக்கம் ஒரு பழைய பிரிண்டர். இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு வருஷம் 36,000 ரூபாய் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கொடுத்து வந்தேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர், வாய் நிறைய "அண்ணா" என்பார். வெளியூரில் தமிழ் காதில் விழுந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது நமக்கு. பேர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆடி மாசம் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் போன் செய்தார். "நீங்க சொன்ன புது அக்கவுண்டுல நாலு நாள் முன்னாடியே போட்டுட்டேனே, ரசீது வரலையே?" எந்தப் புது அக்கவுண்டு? எங்கள் மெயில் ஐடியிலிருந்தே, எங்கள் எல்.ஆர். (லாரி ரசீது) நம்பரோடு, எங்கள் பில்லையே வைத்து, பேங்க் விவரத்தை மட்டும் மாற்றி ஒரு மெயில் போயிருக்கிறது. 1,84,000 ரூபாய். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் பேங்கில் நிறுத்திவைக்க வழி உண்டு. நான்கு நாள் கழித்துச் சொன்னால் மிச்சம் மீதிதான்.

ஏ.எம்.சி.காரர் வந்தார். ஆன்டிவைரஸை ஓட விட்டு டீ குடித்தார். "வைரஸ் எதுவும் இல்லண்ணா, யாரோ பாஸ்வேர்டை ஊகிச்சிருக்காங்க, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். பத்து நாளில் அதே மாதிரி இன்னொரு மெயில், இந்த முறை சேலம் பார்ட்டிக்கு. அவர் உஷாராகக் கேட்டதால் தப்பித்தோம். மறுபடி மாற்றினேன். மூன்றாவது தடவை 14 எழுத்தில், குறிகளெல்லாம் போட்டு, வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லாமல் வைத்தேன். அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் 'அவசர விசிட்' என்று 1,500 வாங்கிக்கொண்டார். கடைசியில் 48,000 ரூபாய்க்கு ஃபயர்வால் (நெட்டுக்குக் காவல் பெட்டி) வாங்கச் சொல்லி கொட்டேஷன் நீட்டினார்.

அக்கா மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனை ஆபீஸுக்கு இழுத்துப் போனேன். எல்லா மெஷினையும் போடச் சொல்லிவிட்டு, "மாமா, நெட் எப்பெல்லாம் ஸ்லோ ஆகுது?" என்று கேட்டான். வேடிக்கையான கேள்வி, ஆனால் பதில் என்னிடம் இருந்தது. குடோன் பையன் லீவு போட்டால் அன்றைக்கு நெட் பறக்கும். படம் பார்க்கிறான் என்று பையனைத் திட்டிக்கூட இருக்கிறேன், பாவம்.

என் மெஷினில் கறுப்புத் திரையைத் திறந்து 'ஏ.ஆர்.பி. மைனஸ் ஏ' என்று அடித்தான். ஆபீஸ் நெட்டில் எந்த முகவரியில் எந்த மெஷின் என்று காட்டுகிற கட்டளையாம். 192.168.1.1, அது ரவுட்டர். 192.168.1.14, அது குடோன் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் எதிரே இருந்த மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண், கடைசி எழுத்து வரை ஒன்றே. ஒரே ஆதார் நம்பரில் இரண்டு ஆள் நிற்கிற மாதிரி.

குடோன் மெஷினில் உட்கார்ந்திருந்த ஸ்னிஃபர், அதாவது நெட்டில் போவதை ஒட்டுக்கேட்கிற சாஃப்ட்வேர், மற்ற ஐந்திடமும் "நான்தான் ரவுட்டர்" என்று பொய் சொல்லியிருக்கிறது. ஆபீஸிலிருந்து வெளியே போவதெல்லாம் அது வழியாகத்தான் போயிருக்கிறது; நெட் மந்தமானதும் அதனால்தான். அப்புறம் நெட்டில் போவதைத் திரையில் காட்டுகிற வயர்ஷார்க் போட்டு, அவுட்லுக்கில் மெயில் பார்க்கச் சொன்னான். யூசர் என்று ஒரு வரி. பாஸ் என்று அடுத்த வரி. பக்கத்தில் என் 14 எழுத்தும் அப்படியே, பச்சையாக.

மெயிலை 110-ஆம் போர்ட்டில் (நெட் வாசல் எண்), மெயில் இறக்குகிற பாப்3 முறையில், பூட்டே இல்லாமல் செட் செய்து வைத்திருந்தார் ஏ.எம்.சி.காரர். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவுட்லுக் மெயில் பார்க்கும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டைக் கூவிக்கொண்டே போகும். புதிதாக மாற்றினால் புதிதைக் கூவும். பில் ஏற்றுகிற எஃப்.டி.பி.யும், ரவுட்டருக்குள் நுழைகிற டெல்நெட்டும் அதே ரகம். ஃபின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டு உருவியதால்தான் 1995-இல் தாத்து யுலோனன் என்பவர் எஸ்.எஸ்.ஹெச். என்ற, பூட்டுப் போட்டு லாகின் செய்கிற முறையை எழுதினார் என்றான் மருமகன். முப்பது வருஷப் பழைய வியாதிக்குத்தான் நான் வருஷாவருஷம் காசு கட்டியிருக்கிறேன்.

ஸ்னிஃபர் எப்படி வந்தது? கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த, பில்லிங் சாஃப்ட்வேர். அவர் போட்ட அதே தேதியில், நெட்டில் போகிற தகவலைப் பிடிக்கிற டிரைவர் சாஃப்ட்வேர் ஒன்றும் குடோன் மெஷினில் ஏறியிருந்தது. ஆன்டிவைரஸ் தடுத்திருக்கும் போல, அந்த ஃபோல்டரை மட்டும் பார்க்காதே என்று விலக்கும் கொடுத்து வைத்திருக்கிறார். பிறகு எத்தனை தடவை ஸ்கேன் ஓட்டினாலும் என்ன தெரியும்? கிராக்குக்குத் தலையாட்டியது நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

குடோன் மெஷினை சுத்தமாக அழித்து, பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத லாகின் கொடுத்தோம். மெயில் இப்போது 995-ஆம் போர்ட்டில், பூட்டுப் போட்டுப் போகிறது. எஃப்.டி.பி.க்குப் பதில் பூட்டுப் போட்டு அனுப்புகிற எஸ்.எஃப்.டி.பி., டெல்நெட் மூடியாகிவிட்டது. ரவுட்டர் பாஸ்வேர்டை ஏ.எம்.சி.காரர் தர மறுத்தார், பின்னைக் குத்தி ரீசெட் செய்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் பாஸ்வேர்டுகளை மாற்றினோம், அதுவும் ஆபீஸ் வைஃபையில் இல்லை, போன் டேட்டாவில். இந்த வரிசை முக்கியம். கூடவே ஓ.டி.பி. கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாயிற்று.

போன பணத்தில் 61,000 மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. மீதியைக் கோயம்புத்தூர்க்காரரும் நானும் பாதிப்பாதி ஏற்றுக்கொண்டோம். ஏ.எம்.சி. புதுப்பிக்கச் சொல்லி போன வாரம் வாட்ஸ்அப்பில் பில் வந்திருக்கிறது, இந்த வருஷம் 39,000.