ரோத்தே தீவுப் பனம்பாணி: காய்ச்சுவதைப் பார்த்து, வாங்கிவந்து, மூன்று மாதம் சமைத்தபின்

மூடியைத் திறந்ததும் முதலில் புகை மணம். இனிப்பு அதற்குப் பிறகுதான். பனம்மட்டை எரியும் புகை எப்படி மணக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆச்சியின் அடுப்படி மணம் அது. இந்தோனேசியாவின் தெற்குக் கரையில், அவுஸ்திரேலியாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தீவில் நிரப்பிய போத்தலுக்குள் அது இருந்ததுதான் புதினம்.

நான் பனம்பொருள் செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உற்பத்திப் பகுதியில் பதினெட்டு வருசமாக வேலை செய்கிறேன். வைகாசிக் கடைசியில் எங்களில் மூன்று பேரை ஒன்பது நாளுக்கு ரோத்தே தீவுக்கு அனுப்பினார்கள். நான், பொறிகள் பார்க்கிற ஒரு பெடியன், நாற்பது வருசம் பனை ஏறிய அண்ணை ஒருவர். அங்கேயும் பனைதான் ஊரின் உயிர். லொந்தார் என்கிறார்கள், ஓலையும் காயும் பாளையும் நம்முடையதேதான். அங்கே கருப்பநீரை, அதாவது பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத இனிப்புச் சாற்றை, கட்டியாக்காமல் பாணியாகவே நிறுத்தி வருசம் முழுக்க வைத்துக் குடிக்கிறார்கள். அந்த முறையைப் படித்துக்கொண்டு வரத்தான் போனோம். பாணிக்கு அவர்கள் வைத்த பெயர் குலா ஆயிர். குலா என்றால் சீனி, ஆயிர் என்றால் தண்ணீர்.

கொழும்பிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பாலி, பாலியிலிருந்து திமோர்த் தீவின் கூப்பாங். கூப்பாங்கிலிருந்து விரைவுப் படகில் ரோத்தேயின் பாஆ துறைமுகத்துக்கு இரண்டு மணித்தியாலம். நடுவில் வரும் புக்குவாஃபு நீரிணை பொல்லாதது. காற்று பலத்ததால் முதல்நாள் படகு விடவில்லை, கூப்பாங்கிலேயே ஒரு நாள் போயிற்று. அடுத்த நாள், குமுதினிப் படகில் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போய்ப் பழகிய அண்ணை மட்டும் வாந்தி எடுக்காமல் இருந்தார். இறங்கி ஊருக்குள் போகப் போக இரண்டு பக்கமும் கல் அடுக்கிய வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சின்னக் குதிரைகள், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டும் தூரம் பனை. அண்ணை வாகனத்துக்குள்ளிருந்தே சொன்னார்: "பிள்ளை, இது நெடுந்தீவுதான். ஆரோ இழுத்துப் பெருப்பிச்சு விட்டிருக்கினம்."

பாஷையும் முழுக்க அந்நியமில்லை. கப்பலுக்கு அவர்கள் சொல்வது 'கபால்', பெட்டிக்குப் 'பெத்தி', கடைக்குக் 'கெடாய்'. எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சொற்கள். வயதான பெண்களை மட்டும் 'மாமா' என்று கூப்பிட வேண்டும். நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவை அப்படிக் கூப்பிட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த மாமா காய்ச்சிய பாணிதான் நான் வாங்கிவந்தது.

காய்ச்சுவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாணியின் நல்லதும் கெட்டதும் அந்த அடுப்பிலிருந்தே வருகின்றன. வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் நீளமாக அகழி வெட்டி, மேலே மண்ணால் மூடி, வரிசையாக நாலு வட்டம் விட்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு ஒரு பானை. முன்வாயால் மட்டையைத் தள்ளினால் நெருப்பு நிலத்துக்குக் கீழே கடைசிப் பானைவரை ஓடுகிறது. இறக்கின கருப்பநீர் நேரே கடைசிப் பானைக்குள் போகிறது. அங்கே சூடேறி, மூன்றாவது, இரண்டாவது என்று முன்னுக்கு வந்து, முதல் பானையில் பதமாகிறது. ஒரு வாய் நெருப்பில் நாலு பானை. நாங்கள் ஒரு தாச்சிக்கு ஒரு அடுப்பு என்று விறகை எரித்துத் தள்ளுகிறோம். எங்களோடு வந்த பெடியன் அந்த அகழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதினான்.

பதம் பார்க்க மாமாவிடம் எந்த மானியும் இல்லை. சிரட்டை அகப்பையால் அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, பானைக்குள் ஊற்றுவா. முதலில் தண்ணீராக விழும். பிறகு கயிறாக. பிறகு நூலாக. நூல் அறுந்து, கடைசித் துளி கீழே விழாமல் மேல்நோக்கிச் சுருண்டு அகப்பை விளிம்பில் ஒட்டிக்கொண்டால் நெருப்பை இழுத்துவிடுவா. நூற்றில் எத்தனை பங்கு இனிப்பு என்று காட்டுகிற என் பிறிக்ஸ் மானியால் நான் மூன்று நாள் அளந்து பார்த்தேன். முதல் இரண்டு நாளும் 70, 71. மூன்றாம் நாள் வீட்டில் செத்தவீட்டுக்குப் போக இருந்த அவசரத்தில் 62இல் இறக்கிவிட்டா. அதிலும் ஒரு போத்தல் எனக்கு வந்தது. அதன் கதை பின்னால்.

அந்த வீட்டில் கருப்பநீர் இறக்கும் ஏனத்துக்குள் சுண்ணாம்பு பூசுவதில்லை. எங்கள் முறைக்கும் அவர்கள் முறைக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். நாங்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது புளித்துக் கள்ளாகாமல் இருக்க. அதே சுண்ணாம்புதான் கருப்பநீரிலுள்ள வெல்லத்தை (சுக்குரோசை) உடையாமல் வைத்து, காய்ச்சும்போது கட்டியாக இறுக வைக்கிறது. சுண்ணாம்பில்லாத கருப்பநீரில் கொஞ்சம் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பிலும் சூட்டிலும் வெல்லத்தில் ஒரு பங்கு உடைந்துவிடும். உடைந்த வெல்லம் மணியாகாது, அதனால் பாணி பாணியாகவே நிற்கிறது. அதற்காக அவர்கள் நேரத்தோடு ஓடுகிறார்கள். விடிய இறக்கினது எட்டு மணிக்கு முன்னம் அடுப்பில் இருக்க வேண்டும். பின்னேரம் இறக்கினது பொழுது சாய முன்னம்.

இறக்குவது முட்டியில்லை, ஓலை. ஹாயிக் என்கிறார்கள். குருத்தோலையை விரித்து, மடிப்பு மடிப்பாகச் சேர்த்து இரண்டு பக்கமும் கட்டி, நடுவில் பிடி வைத்த வாளி. எங்கள் வீட்டுக் கிணற்றுத் துலாவில் முன்னொரு காலம் தொங்கிய ஓலைப் பட்டையை அப்படியே சின்னதாக்கினால் இதுதான். நிரம்பிய ஹாயிக்கை அரை மணித்தியாலம் கையில் வைத்திருந்து பார்த்தேன், அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கள் ஊரில் பட்டை கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. நான் போய்க் கேட்கப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவின் தம்பி ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். விடிய ஐந்து மணிக்கு ஹாயிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மரம் ஏறுகிறார். இறங்கி, குளித்து, அரச உத்தியோகத்தர் சட்டையைப் போட்டு, மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார். போகிற வழியில் பிள்ளைகள் மரத்தடியில் நின்று அவருக்கு வணக்கம் சொல்லுகின்றன. என்னுடைய அப்பா பனை ஏறும் சீவல் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "தோட்டம்" என்று சொல்லும்படி அம்மா என்னைப் பழக்கியிருந்தா. எங்களோடு வந்த அண்ணையின் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்ததுகள். அவர் அந்த வாத்தியாரின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து, தன்னுடைய காலையும் நீட்டிக் காட்டினார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே காய்ப்பு. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை, அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே பாணி பலகாரத்துக்குப் போடுகிற சாமான் இல்லை, சாப்பாடு. ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு அகப்பை கலக்கிக் குடித்துவிட்டு மத்தியானம்வரை வேலை செய்கிறார்கள். மழை மார்கழியிலிருந்து பங்குனிவரை மட்டும். மிச்ச மாதங்களில் காய்கிற மண். அந்த வீட்டார் கடலில் பாசியும் வளர்க்கிறார்கள். 2009 ஆவணியில் அவுஸ்திரேலியாவின் மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்துத் திமோர்க் கடலில் பத்துக் கிழமைக்கு மேல் எண்ணெய் கக்கியது. அதில் கயிற்றில் கட்டியிருந்த பாசி முழுக்க வெளிறிச் செத்ததாம். அந்தப் பகுதிப் பாசி விவசாயிகள் 15,000 பேருக்கு மேல் அவுஸ்திரேலிய நீதிமன்றத்துக்குப் போய், 2021இல் வென்று, 2022இல் 19 கோடி 25 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம் கண்டார்கள். "அந்த வருசங்களில் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுத்தது இதுதான்" என்று மாமா பாணிச் சாடியைத் தட்டிக் காட்டினா. சண்டைக் காலத்தில் பனம்பழப் பனாட்டும், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் தின்று வளர்ந்த எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இனிப் போத்தலுக்கு வருகிறேன். 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் நிரப்பித் தருகிறார்கள். எனக்குச் சொன்ன விலை 35,000 ரூபியா, எங்கள் காசில் ஏறக்குறைய 650 ரூபா. மூன்று வாங்கினேன். நிறம் கடும் தேயிலைச் சாயம், வெளிச்சத்தில் பிடித்தால் செம்மை. நாக்கில் முதலில் இனிப்பு, நடுவில் மெல்லிய புளிப்பு, கடைசியில் புகை. கித்துள் மரத்துப் பாணியை விட இனிப்பு குறைவு, ஆழம் கூட. கித்துள் என்று சொல்லி விற்பதில் சீனிப்பாகு கலந்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இதில் அந்தப் பயம் இல்லை, அடுப்படியில் நின்று வாங்கினால்.

அடுப்படியில் நிற்காமல் வாங்கியதும் ஒன்று உண்டு. திரும்பும்போது கூப்பாங்கில் ஒரு நினைவுப்பொருள் கடையில், வடிவான லேபல் ஒட்டிய கண்ணாடிப் போத்தல், கால் லீற்றர், மாமாவின் ஒரு லீற்றரை விட விலை கூட. வீட்டில் திறந்தால் புகையும் இல்லை, புளிப்பும் இல்லை. இரண்டு கிழமையில் அடியில் வெள்ளை மணி படிந்தது. என் நாக்குக்கு அது கரும்புச்சீனிப் பாகு. அப்படியானதை வாங்க வேண்டாம்.

சமையலில் எங்கே நின்றது, எங்கே விழுந்தது? தயிருக்கு இதைப் போல ஒன்று நான் சாப்பிட்டதில்லை. பால் அப்பத்தின் நடுவில் ஒரு கரண்டி விட்டால் கரையின் மொறுமொறுப்புக்கும் புகைக்கும் நல்ல பொருத்தம். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாப் பிட்டுக்கு மேலே ஊற்றிப் பார்த்தேன், ஒடியலின் கசப்பை அமத்திக்கொண்டு போனது. வெறும் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி போதும், ஆனால் கடித்துக் கடித்துக் குடிக்கிற சந்தோசம் இல்லை. அதற்குப் பனங்கட்டிதான்.

ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் இதிலேயே செய்தேன். கூழ் பரவாயில்லை, நிறம் கொஞ்சம் வெளிறல், தேங்காய்ப்பாலுக்கு மேலே புகை எழும்பிவிட்டது. அடுத்த முறை பாதிப் பாணி, பாதிப் பனங்கட்டி. கொழுக்கட்டை முழுத் தோல்வி. பயறும் தேங்காய்ப்பூவும் பாணியோடு சேர்ந்து இறுகாமல் தளதளவென்று நின்றது. அவிக்கும்போது பாதி வெடித்து நீத்துப்பெட்டிக்குள் ஊற்றிவிட்டது. உள்ளுடனுக்கு இது சரிவராது, முயல வேண்டாம்.

62இல் இறக்கின போத்தல் ஐந்தாம் கிழமை வீங்கி, ஒருநாள் மத்தியானம் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்தது. பிழை பாணியில் இல்லை, பதத்தில். தண்ணீர் கூடினால் எங்கள் வெயிலுக்கு நொதித்தே தீரும். ஆனால் வாங்குகிறவருக்கு எது 71, எது 62 என்று வெளியே தெரியாது, அதுதான் இந்தப் பாணியின் பெரிய குறை. வாங்கும்போது போத்தலைச் சரித்துப் பாருங்கள். சுவரில் ஒட்டி மெல்ல இறங்கினால் எடுங்கள், தண்ணீராக ஓடினால் வீட்டில் இன்னொருமுறை காய்ச்ச வேண்டும். பிளாஸ்ரிக் மூடியும் நம்பத்தக்கதில்லை. நான் உடுக்கிற சாரம் ஒன்று பயணப் பெட்டிக்குள் பாணியில் ஊறிவிட்டது. வாய் அகன்ற இறுக்கமான சாடி கொண்டு போங்கள். பாஆ சந்தையில் 'குலா ஆயிர்' என்று கேளுங்கள். 'குலா லெம்பெங்' என்று கேட்டால் வட்ட வட்டமாக ஊற்றிய கட்டி தருவார்கள். அதுவும் நல்லது, ஆனால் அது எங்களிடம் இருக்கிறது.

எங்களிடம் இல்லாதது இந்தப் பாணி. இங்கே கருப்பநீர் இறக்க ஆள் குறைகிறது, இறக்கினாலும் கட்டியாக்க விறகும் நேரமும் கூட. பாணிக்கு இரண்டும் குறைவு. ஒரு வீட்டுப் பெண் பின்வளவில் நாலு பானையோடு செய்யலாம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கிய காலத்திலிருந்து நாங்கள் கட்டியையும் கற்கண்டையுமே கூடுதலாகப் பேசி வந்திருக்கிறோம். சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் இதைத்தான் எழுதினேன்.

வந்த அன்று இரவு அப்பாவுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். அவருக்கு 76 வயது, மரம் விட்டு 15 வருசம். எங்கே இருந்து வந்தது என்று சொல்லவில்லை. நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "சுண்ணாம்பு போடேல்லை" என்றார். பிறகு, "ஆனா நேரத்தோட காய்ச்சியிருக்கினம்" என்றார்.

இப்போது கடைசிப் போத்தலில் இரண்டு விரல் உயரம் மிச்சம். நேற்றுப் பின்னேரம் நான் வேலையால் வர, அப்பா பின்வளவில் பொல்லோடு நின்றார். பனையடி மண்ணில் நீளமாக ஒரு கோடு கீறியிருந்தது.

"எத்தினை பானை எண்டனீ, பிள்ளை?"

"நாலு, அப்பா."

கோட்டை இன்னும் இரண்டடி நீட்டினார்.