பொதுக்கொள்கை முதுகலை: நான்கு நாடுகள், ஒரு தருமபுரிக் கணக்கு

பொறியியலோ பொருளாதாரமோ முடித்து, குடிமைப் பணித் தேர்வை இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்தபின், வெளிநாட்டில் பொதுக்கொள்கை முதுகலை, அதாவது அரசுத் திட்டங்களை வகுக்கவும் மதிப்பிடவும் பயிற்றும் பட்டம், படிக்கலாமா என்று கேட்டு வரும் இளைஞர்களைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கும். நான் ஜெர்மனியில் இந்தப் பட்டத்தை முடித்துத் திரும்பியவன்; என்னுடன் விண்ணப்பித்தவர்களில் சிலர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் படித்தார்கள். எங்கள் அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், நம் மாவட்டங்களிலிருந்து, அதிலும் தமிழ்வழியில் பள்ளி முடித்துச் செல்பவருக்கு, பல்கலைக்கழகத்தின் பெயரைவிடப் படிப்பின் கால அளவே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது என் முடிவு.

காரணம் வகுப்பறையில் இருக்கிறது. நுண்பொருளியலும் புள்ளியியலும் கொள்கைப் பகுப்பாய்வும் எந்த நாட்டிலும் இப்படிப்பின் அடிப்படைப் பாடங்கள். கணக்கு நம் பிள்ளைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தடுமாற வைப்பது மெமோ எனப்படும் கொள்கைக் குறிப்பு. இரண்டு பக்கத்துக்குள், முதல் வரியிலேயே இன்னதைச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டு, அதன் பிறகே காரணங்களை அடுக்க வேண்டும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகிய கைக்கும், 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தொடங்கும் அலுவலகக் கடிதங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் இது முற்றிலும் தலைகீழ். எனக்கு அது கைவர இரண்டு பருவங்கள் ஆயின. வகுப்பில் பிறர் பேச்சில் குறுக்கிட்டு மறுத்துப் பேசுவதற்கு அதைவிடவும் அதிக காலம் தேவைப்பட்டது. ஆசிரியர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே மறுப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எளிதில் போவதில்லை.

இந்த இடத்தில்தான் பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பு நம்மைக் கைவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளி இப்பட்டத்தை ஓராண்டில் முடித்துவிடுகிறது. அங்கே ஒரு பருவம் என்பது எட்டு வாரம். பிரிட்டனின் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த என் தோழி, பிப்ரவரியில்தான் வகுப்பில் முதன்முறையாகத் தானாகக் கையுயர்த்திப் பேசினாள். ஏப்ரலில் ஆய்வேட்டின் தலைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தில் அமர்ந்து வேலை கற்கும் நீண்ட இன்டர்ன்ஷிப்புக்கு அந்த ஓராண்டில் இடமே இல்லை. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடுவதற்கு இதுவரை இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அரசுத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ ஏற்கனவே சில ஆண்டுகள் பணியாற்றியவருக்கு மட்டும் இந்தக் குறுகிய காலம் பொருந்தும். அத்தகையவர் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு முயலலாம். அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்தபின் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பவே நினைப்பவருக்கு அந்த நிபந்தனை சுமையாகத் தோன்றாது.

அமெரிக்காவில் இது பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்தான் அதன் உயிர்நாடி என்பேன். பாடம் நடத்தும் முறையிலும் ஆசிரியர்களை அணுகுவதிலும் அமெரிக்காவுக்கு இணை இல்லை என்று அங்கே படித்த நண்பர் இன்றும் வாதிடுவார். அதை நான் மறுப்பதில்லை. ஆனால் உதாரணங்கள் எல்லாம் அவர்களுடையவை. முதல் வாரத்தில், அந்நாட்டு நாடாளுமன்றத்தைக் குறிக்கும் 'காங்கிரஸ்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் தன் மனம் சத்தியமூர்த்தி பவனுக்கே போனதாக அவர் சொல்வார். சிரிப்புக்குரிய செய்திதான் என்றாலும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் மாநில வரிகளும் பின்னணியாக இருக்கும் விவாதத்தில் அயல்நாட்டு மாணவர் பாதி நேரம் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார். கோடை வந்தபோது இன்னொரு கதவும் அடைபட்டது: அந்நாட்டு மத்திய அரசுப் பணிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியவை என்பதால், அரசுக் கொள்கை படிக்கப் போனவருக்கு அரசு அலுவலகத்தில் இடமில்லை, ஒரு ஆய்வு அமைப்பில்தான் கிடைத்தது. படிப்புக்குப் பின், அயல்நாட்டு மாணவருக்குத் தரப்படும் ஓபிடி என்ற பணிப் பயிற்சி அனுமதியில் ஓராண்டு வேலை பார்க்கலாம். ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணித வகையில் சேர்க்கப்பட்ட பட்டமாக இருந்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் கூடும். ஆகவே சேரும் பட்டம் அவ்வகையில் வருகிறதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

சிங்கப்பூரின் லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி 2004இல் தொடங்கப்பட்டது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். இங்கும் படிப்பு இரண்டு ஆண்டுகள். உண்மையான ஓர் அமைப்பின் சிக்கலை எடுத்துக்கொண்டு தீர்வு எழுதும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் பிற ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது மற்ற நாடுகளில் கிடைக்காத வசதி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் கறையும் எலும்பு நோயும் உண்டான தருமபுரியின் கதையை, ஜப்பானியக் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோடும் அதற்குக் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்போடும் சேர்த்து அங்கே படித்த இன்னொரு நண்பர் வகுப்பில் சொன்னபோது, வங்கதேச மாணவர் ஒருவர் தம் நாட்டின் ஆர்சனிக் கிணறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, அந்த வகுப்பு குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டதாம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கும் என்பவை பெற்றோரைச் சமாதானப்படுத்த உதவும். குறைகளும் உண்டு. ஒரே நகரமாக இருக்கும் நாட்டின் நிர்வாகப் பாடங்களை, அரூர் மலைக் கிராமங்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. வாடகை கழுத்தை நெரிக்கும். வேலை அனுமதிக்கு 2023 செப்டம்பர் முதல் புள்ளிக் கணக்கு முறை வந்திருப்பதால், அங்கேயே தங்கிவிடலாம் என்ற நினைப்போடு போவது சரியாகாது.

ஜெர்மனி என்றாலே கட்டணமில்லாப் படிப்பு என்று நம் ஊரில் ஒரு பேச்சு நிலவுகிறது. பொதுக்கொள்கைக்கு அது பொருந்தாது. பெர்லினின் ஹெர்ட்டி பள்ளி தனியார் நிறுவனம்; ஏர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லி பிராண்ட் பள்ளியும் கட்டணம் பெறுகிறது. இரண்டிலும் ஆங்கிலவழியில் இரண்டு ஆண்டுப் படிப்பு. விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோவாக அது திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. முடித்தபின் வேலை தேட 18 மாதங்கள் தருகிறார்கள். நான் ஏமாந்தது மொழியில். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் முகவரிப் பதிவு முதல் மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் வரை எல்லாம் ஜெர்மன் மொழியில் வந்தன. நான் அணுகிய அலுவலகங்கள் அம்மொழி தெரியாத கொள்கை மாணவனை இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கத் தயங்கின. முதல் பருவத்திலேயே மொழி வகுப்பில் சேராதது என் தவறு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும். அதாவது அப்பாவின் மாந்தோப்புப் பத்திரம் வங்கிக்குப் போகும். பொதுக்கொள்கைப் பட்டதாரியின் தொடக்கச் சம்பளத்தை மென்பொருள் துறையோடு ஒப்பிடவே கூடாது. ஆகவே, பெரும்பகுதி உதவித்தொகை இல்லாத அமெரிக்க இடத்தை எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் மறுத்துவிடச் சொல்வேன். ஏர்ஃபுர்ட் செல்பவர்கள் வளரும் நாட்டு மாணவர்களுக்கான ஹெல்முட் ஷ்மிட் உதவித்தொகையைப் பார்க்க வேண்டும். எதுவும் அமையாவிட்டால், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில், தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் இதே பட்டத்தை நடத்திவருகிறது. அதைத் தோல்வியாக எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எங்கே விண்ணப்பித்தாலும் கட்டுரைக்கான சரக்கு ஊரிலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில் தொடங்கியது. அண்மையில் வந்த பாலக்கோட்டுப் பெண் ஒருவர் அந்த முகாம்களில் தன்னார்வலராக நின்று, யாருடைய விண்ணப்பம் ஏன் தள்ளுபடியாகிறது என்று குறித்து வைத்திருந்த நோட்டைக் காட்டினார். முறையான பணி அனுபவம் ஓராண்டுதான். சிங்கப்பூரை முதலாகவும் ஏர்ஃபுர்ட்டை இரண்டாவதாகவும் வைக்கச் சொன்னேன். செவனிங்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு விண்ணப்பத்தை இன்னும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவருடைய தம்பி சொல்கிறான்.