மாடித்தோட்டம் ‘ஃபுல் செட்’ வாங்கப் போறவங்க காசு கட்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

"எல்லாத்தையும் நாங்களே அமைச்சுக் குடுத்துருவோம், நீங்க விதையப் போட்டு தண்ணி ஊத்துனா போதும், வீட்டுக்கு வேண்டிய காய் மொத்தமும் மாடியிலயே வந்துரும்"னு யாராச்சும் சொன்னா உஷாராயிடுங்க. எங்க வீட்ல தக்காளி, கத்திரி, வெண்டை, கீரைன்னு ஆளாளுக்கு ஆசையா லிஸ்ட் போட்டு வச்சிருந்தோம், முழுப்பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டு ஒரு ஆளு வந்து பை, ரெடிமிக்ஸ் மண்கலவை, மண்புழு உரம், நாட்டு விதை பாக்கெட், லேபிளே இல்லாத பாட்டில்ல ஏதோ வளர்ச்சி ஊக்கின்னு எறக்கி, பையெல்லாம் ரொப்பி அடுக்கிட்டுப் போயிட்டாரு.

முளைச்சது என்னவோ முளைச்சுச்சு. ஆனா ரெண்டு மூணு இலை விட்டதோட அப்படியே நின்னுருச்சு, இலை ஓரமெல்லாம் கருகுது. தண்ணி ஊத்துனா பைக்கு அடியில கட்டன் டீ கலர்ல வடியுது. அத்தை ஒரு பையக் கவுத்துப் பார்த்துட்டு "இதுல மண்ணு எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. நிஜமாவே இல்ல! கிட்டத்தட்ட மொத்தமும் தேங்காய் நார்க்கழிவு, அதான் கோகோபீட், அதுவும் அலசாதது. மட்டைய உப்புத்தண்ணில ஊறப்போட்டு நார் எடுக்குற இடங்கள்லேர்ந்து வர்ற தூள்ல உப்பு நெறைய நிக்கும், அலசாம செடி வச்சா வேர் தண்ணியே இழுக்காது. தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட ஈசி (EC) மீட்டர், அதான் தண்ணில கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு காட்டுற கருவி, வாங்கி வடிஞ்ச தண்ணில வச்சுப் பார்த்தோம், நல்லா அலசுன கோகோபீட்ல 1-க்குக் கீழ காட்டணும், எங்களுக்கு 4-ஐத் தாண்டி நிக்குது. சரி உப்பே இல்லைன்னு வைங்க, கோகோபீட் ஈரத்த மட்டும்தான் புடிச்சு வைக்கும், அதுல செடிக்கு சத்துன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. செம்மண், மட்குன உரம், கோகோபீட் மூணும் சம அளவுன்னு பேச்சு, வந்தது 5 கிலோ கோகோபீட் கட்டிய தண்ணில ஊற வச்சுப் பெருக்க வச்சது. ஒரு கட்டி 70 லிட்டர் வரைக்கும் பெருகும், அவருக்கு எவ்ளோ லாபம்னு நீங்களே பார்த்துக்கங்க.

மண்புழு உரம்னு தந்தது பாதி மட்குன சாணி. கைய விட்டா உள்ள சூடு, மூக்க அரிக்கிற நெடி. நல்ல மண்புழு உரம் டீத்தூள் மாதிரி பொலபொலன்னு, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட இருக்கும்.

எனக்கு ரொம்ப கடுப்பானது விதைதான். "நாட்டு விதை, ஆர்கானிக்"னு பாக்கெட் மேல பெருசா போட்டிருக்கு, உள்ள ரோஸ் கலர் பூசுன விதை. பூஞ்சாணக் கொல்லி கலந்த விதைய யாரும் சாப்ட்றக்கூடாதுன்னுதான் அப்படி கலர் ஏத்துவாங்க. விதைக்கிறதுக்கு அது தப்பில்ல, ஆனா அத ஆர்கானிக்னு விக்கிறது பச்சைப்பொய். லாட் நம்பர் இல்ல, முளைப்புத்திறன் எத்தன சதவீதம்னு இல்ல, டெஸ்ட் பண்ண தேதி இல்ல, எப்ப வரைக்கும் போடலாம்னும் இல்ல. எங்க சின்னவன் கையில அள்ளி விளையாடிட்டு இருந்தான், நல்லவேளை அத்தை பார்த்தாங்க.

போன் போட்டா முதல்ல "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க"ன்னாரு. அப்புறம் "வெயில் ஜாஸ்தி"ன்னாரு. அப்புறம் நுண்ணூட்ட ஸ்ப்ரே ஒண்ணு இருக்கு வாங்கிக்கங்கன்னு அதுக்கு வேற ஒரு ரேட்டு சொல்றாரு, ஈசி ரீடிங்க போட்டோ எடுத்து அனுப்புன உடனே பிளாக். கூத்து என்னன்னா, பை அடுக்குன அன்னிக்கு எங்க புள்ளைங்கள நிக்க வச்சு எடுத்த போட்டோவ அவர் பேஜ்ல "மகிழ்ச்சியான குடும்பம்"னு போட்டிருக்காரு, எங்கள ஒரு வார்த்த கேக்கல. கீழ நான் போட்ட கமெண்ட் அஞ்சு நிமிஷம் கூட நிக்கல. ரிப்போர்ட் பண்ணிருக்கேன், இன்னும் எடுக்கல.

செட்டா வாங்கியே ஆகணும்னா முழுப்பணத்தக் குடுக்காதீங்க, கலவைல ஒரு பை மட்டும் முன்னாடியே கேட்டு வாங்குங்க. அதுல பீன்ஸ் இல்ல தட்டப்பயறு நாலஞ்சு போட்டு விட்டா சீக்கிரமே தெரிஞ்சுரும், இலை கருகுனாலோ சுருண்டுக்கிட்டு வந்தாலோ வேண்டாம்னுருங்க. சில வகை களைக்கொல்லி அடிச்ச புல்லத் தின்ன மாட்டோட சாணில கூட அந்த மருந்து நிக்கும், அப்பவும் இலை சுருளும். விதைல பத்து எடுத்து ஈரத்துணில மடிச்சு வச்சு எத்தன முளைக்குதுன்னு எண்ணுங்க.

ஏற்கனவே மாட்டுனவங்க கோகோபீட்டத் தூக்கிப் போட்றாதீங்க. நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ ஊற வச்சுப் புழிஞ்சா பாதி உப்பு போயிரும், ஒட்டிக்கிட்டு நிக்கிற சோடியம் வெறுந்தண்ணிக்கு அசையாது, கால்சியம் நைட்ரேட் கரைச்சு ஒரு நாள் ஊற வச்சு வடிச்சு அலசணும். நாங்க அப்படித்தான் செஞ்சு, மண்ணும் மட்குன உரமும் வாங்கிக் கலந்து திரும்ப ரொப்புனோம், கீரை மட்டும் இப்ப தேறி வருது. பை பாதி வெயில்லயே நைஞ்சு போச்சு, தூக்குனா கைப்பிடி கையோட வருது, அதையும் யூவி தாங்கும்னுதான் சொல்லி வித்தாரு. அந்த லேபிள் இல்லாத பாட்டில மட்டும் இன்னும் தொறக்கல, அத எப்படி அப்புறப்படுத்துறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.