ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும், வாங்குவதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் எழுத வேண்டாம் என்றார். எனக்கு நடந்தது எந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் நடக்கக்கூடியதுதான்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். 2023 ஏப்ரலில் கார் எடுத்தேன், ஆன்ரோடு 15 லட்சத்து 80 ஆயிரம். ஒரு சார்ஜுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று விளம்பரம். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல், ஏசி போடாமல் ஓட்டி எடுத்த கணக்கு என்று தெரிந்துதான் வாங்கினேன். ஷோரூமில் இருந்த பையனும் "முந்நூறுக்குப் பக்கத்துல வரும் சார்" என்றுதான் சொன்னான். 290 வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திருச்சி போய்த் திரும்ப 270. ஏசியைக் குறைத்து வைத்து, எண்பதைத் தாண்டாமல் ஓட்டினால் வீட்டு வாசலில் ஏழெட்டு சதவீதம் மிச்சமிருக்கும். ஒன்றே முக்கால் வருடம் இப்படியே ஓடியது.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் சர்வீசுக்கு விட்டேன். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது, "ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் பெண்டிங் இருந்துச்சு சார், போட்டுவிட்டுட்டோம், ஃப்ரீதான்" என்றார்கள். ஃப்ரீ என்றதும் நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் திருச்சி போய்த் திரும்பும்போது துவரங்குறிச்சியிலேயே சந்தேகம் வந்தது. கொட்டாம்பட்டியைத் தாண்டும்போது 4 சதவீதம். பின்சீட்டில் மாமனார், மாமியார், மணி இரவு ஒன்பதரை. மதுரைக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது. ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை மூடப்போகிற நேரம். கம்ப்ரசருக்குப் போட்டிருந்த 15 ஆம்ப் பாயிண்டைக் காட்டி, "இதுல மாட்டிப் பாருங்கண்ணே" என்றார் கடைக்காரர். டிக்கியில் கிடந்த சார்ஜரை மாட்டிவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. டீசல் வண்டியே எடுக்கச் சொன்னவர் அவர்தான்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் தம்பி டேப்லெட்டோடு வந்தார். "அப்டேட் போட்டதிலிருந்து ரேஞ்ச் 290-லிருந்து 230 ஆகிவிட்டது" என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஜாப் கார்டில், அதாவது நம் புகாரையும் செய்த வேலையையும் பதியும் படிவத்தில், தட்டினார். அப்புறம் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். திரையில் கையெழுத்துக் கட்டம் மட்டும் தெரிந்தது. விரலால் கிறுக்கிவிட்டு வந்தேன். மறுநாள் "செக் பண்ணிட்டோம் சார், பேட்டரி நல்லா இருக்கு" என்று வண்டியைக் கொடுத்தார்கள். மார்ச்சிலும் இதே கதை. இரண்டு முறையும் கொடுத்த காகிதத்தை நான்காக மடித்து டேஷ்போர்டு பெட்டியில் போட்டதோடு சரி.

ஏப்ரலில் மூன்றாவது முறை போனபோது ஏனோ தோன்றியது. "கொஞ்சம் மேலே தள்ளுங்க தம்பி, என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்ப்போம்" என்றேன். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தது. வண்டிக்கு ஓடிப்போய்ப் பழைய இரண்டு காகிதங்களையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் அதேதான். 'ஜெனரல் செக்கப், பேட்டரி ஓகே, வாடிக்கையாளர் திருப்தி'. கீழே என் கையெழுத்து. அதாவது மூன்று முறை அலைந்தும், காகிதத்தில் நான் ஒருமுறைகூடப் புகாரே சொல்லவில்லை.

மாற்றி எழுதச் சொன்னேன். அந்த வகைப் புகார் சிஸ்டத்தில் லிஸ்ட்டிலேயே இல்லை என்றார். நான் நகரவில்லை. அவர் ஒருமுறை திரும்பி மேனேஜர் அறையைப் பார்த்துக்கொண்டார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நீங்க சொல்றது சரிதான். இந்த மாசமே ஏழெட்டு வண்டி இதே கம்ப்ளைன்ட்டு. ரேஞ்சுன்னு எழுதக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க" என்றார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மேனேஜர்மேல் உண்டு. பேட்டரி ஆரோக்கியம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம், 97 சதவீதம் என்று மேனேஜர் லேப்டாப்பில் காட்டினார். அதை அச்செடுத்துக் கேட்டால் "இன்டர்னல் ரிப்போர்ட்" என்றார், போட்டோவும் எடுக்கக் கூடாதாம். 97 சதவீதம் நன்றாக இருக்கும் பேட்டரியில் ஏன் அறுபது கிலோமீட்டர் காணாமல் போனது என்று கேட்டதற்கு, "டிரைவிங் ஸ்டைல் சார்" என்றார்.

1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து புகார் பதிந்தேன். கம்பெனி பதில் அனுப்பியது: வாடிக்கையாளர் மூன்று முறை வந்தார், குறிப்பிட்ட புகார் எதுவும் சொல்லவில்லை, திருப்தி என்று கையெழுத்திட்டிருக்கிறார். என் கையெழுத்தையே எனக்கு இணைப்பாக அனுப்பியிருந்தார்கள். புகார் முடித்துவைக்கப்பட்டது.

இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது எங்கள் வீட்டுக் காலண்டர். மாடியில் சித்தப்பா குடும்பம், கீழே நாங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே ஈபி இணைப்பு. கார் வந்ததும் பில் எகிறியது. இரண்டு மாதக் கணக்கில் யூனிட் கூடினால் ஸ்லாப் மாறிவிடும் அல்லவா, சித்தப்பா முகம் மாறியது. அப்பா உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கார் சார்ஜருக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்துவிட்டார். ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை வரை, எத்தனை யூனிட் என்று அடுப்படிக் காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பார். பங்காளிக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

மே மாதம் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தோம். 2023, 2024 முழுக்க 10-லிருந்து 100 வரை ஏற்ற 36 யூனிட், சில நாள் 35. 2025 ஜனவரி சர்வீசுக்கு மறுநாளிலிருந்து அதே 10-லிருந்து 100-க்கு 29. படிப்படியாகக் குறையவில்லை, ஒரே இரவில் ஏழு யூனிட். என் டிரைவிங் ஸ்டைல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சுவரில் உள்ள மீட்டரை அது என்ன செய்யும்? பேட்டரியில் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டு மிச்சத்தையே நூறு என்று திரையில் காட்டுகிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. பாதுகாப்புக்காகவே செய்திருக்கலாம், செல் சூடாகாமல் இருக்க மேல் வரம்பைக் குறைப்பது உண்டு. அப்படியானால் அதைச் சொல்லி, எழுதிக் கொடுத்து, ஈடு பேச வேண்டும். வாரன்டியில் எட்டு வருடம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள் என்பது பொடி எழுத்தில். அவர்கள் மீட்டரில் அது 97-லேயே நிற்கும்.

இப்படி நடப்பது புதிதும் அல்ல. அமெரிக்காவில் டெஸ்லா 2019-ல் ஒரு அப்டேட் வழியாக மாடல் எஸ் கார்களின் பேட்டரி வோல்டேஜைக் குறைத்தது என்று வழக்குப் போட்டார்கள். 2021-ல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. 1,743 கார்கள், பெரும்பாலோருக்கு ஆளுக்கு 625 டாலர். (என்னுடையது டெஸ்லா இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.)

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆர்டர் படிவத்தில் வேறு மாநில ஊரைப் போட்டு 'அங்குள்ள நீதிமன்றம் மட்டுமே' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து நான் இரண்டு வாரம் வீணாகப் பயந்தேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பத்திலிருந்து இருபது லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய், அஞ்சு லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நான் வைத்துக்கொண்டேன். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும்படி ஆணையத்தைக் கேட்கலாம், கேட்டிருக்கிறோம்.

வழக்குக்குக் கம்பெனி கொடுத்த பதிலில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வண்டியை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறார், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்கிறார்கள். ஆதாரம், சின்னாளபட்டியிலிருந்து இரண்டு மூட்டைச் சேலை ஏற்றி வந்தபோது நான் பெருமையாக வைத்த வாட்ஸாப் ஸ்டேட்டஸ். அட்வைசர் நம்பர் என் போனில் இருந்ததை மறந்துவிட்டேன். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். இருந்தாலும் ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் வண்டியை விடுவதற்கு முந்தின நாளே குறையை எழுதிக் கம்பெனிக்கும் டீலருக்கும் ஈமெயில் போட்டுவிடுகிறேன். டேப்லெட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, அச்செடுத்துத் தரச் சொல்கிறேன். வண்டியை எடுக்கும்போது கையெழுத்துக்கு மேலே பேனாவால் 'ரேஞ்ச் குறைவு தீரவில்லை' என்று எழுதி, அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்கிறேன். அப்டேட் எதுவாக இருந்தாலும், என்ன மாறுகிறது என்று எழுத்தில் தராமல் போடக் கூடாது என்றும் அதில் சேர்த்துவிடுகிறேன். முறைக்கிறார்கள், ஆனால் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த வாய்தாவுக்கு வக்கீல் மூன்று வருடக் காலண்டரையும் அசலாகக் கேட்கிறார். அப்பா தர மாட்டேன் என்கிறார், பின்பக்கம் பால்காரர் கணக்கு இருக்கிறதாம்.