உறைந்த கறிக்கு ஐஸ் விட வைக்க: ஃப்ரிட்ஜா, தண்ணீர்ப் பாத்திரமா?

ஞாயிறு காலையில் நெல்பேட்டையில் வாங்கும் ஆட்டுக்கறியில் பாதியை அன்றே குழம்பு வைத்துவிட்டு, மீதியை அரைக் கிலோப் பொட்டலங்களாக்கி ஃப்ரீசரில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கு ஐஸ் விட வைக்க இரண்டு வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே போதும் என்று முடிவு செய்துவிட்டோம். சமையல் மேடையில் போட்டு வைப்பதை நான் ஒரு வழியாகவே கருதவில்லை. நடுப்பகுதி கட்டியாக இருக்கும்போதே மேற்புறத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும். 32 டிகிரிக்கு மேல் வெப்பமிருந்தால் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது.

தண்ணீர் வழியின் பலம் வேகம். நீர் புகாத உறையிலிட்டுக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால், அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். ஃப்ரிட்ஜில் அதற்கே ஓர் இரவு வேண்டும்.

ஆனால் அந்தக் குளிர்ந்த நீருக்குச் சித்திரை மாத மதுரையில் எங்கே போவது? மொட்டை மாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த நீர், பிற்பகலில் குழாயைத் திறந்தால் கை சுடும்படி வருகிறது. அதை அரை மணிக்கு ஒருமுறை மாற்றுவது கறியை வெந்நீரில் குளிப்பாட்டுவதற்குச் சமம். மண்பானைத் தண்ணீர் குடிக்கச் சில்லென்று இருக்குமே தவிர, கறிக்கு வேண்டிய குளிர் அதில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஐஸ்கட்டிகளைக் கொட்ட வேண்டியிருந்தது, அந்தத் தட்டுகளோ ஃப்ரீசரில் கறிக்கு இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டன. போதாததற்கு, ஒருநாள் உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்து, வஞ்சிரத் துண்டுகள் ஊறி வெளுத்துத் தோசைக்கல்லில் உதிர்ந்துபோயின.

இன்னொன்று, வருவதாகச் சொன்ன விருந்தாளி வராமல் போனால், 4 டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் இளகிய கறியைச் சமைக்காமலே திரும்ப உறைய வைக்கலாம். சாறு இறங்கிச் சுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். தண்ணீரில் இளக்கியதையோ உடனே சமைத்தாக வேண்டும். மைக்ரோவேவும் அப்படித்தான். அது எங்களிடம் இல்லை. அக்கா வீட்டில் இரண்டு முறை பார்த்தபோது ஓரம் வெந்தும் நடு உறைந்தும் இருந்தது, அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஃப்ரிட்ஜ் வழிக்கு முதல் நாள் இரவே நினைவு வேண்டும். பொட்டலத்தை இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாக்கி உறைய வைத்தால் சீக்கிரம் இளகும். சொட்டும் நீர் கொத்தமல்லிக் கட்டில் படாதபடி எவர்சில்வர் குண்டானில் இட்டுக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மட்டும் இந்த வழி தோற்றுவிடுகிறது. கதவைத் திறக்காவிட்டாலும் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரமே குளிர் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும். எனவே பொட்டலத்தை ஃப்ரீசரிலேயே விட்டுவிடுவோம், அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டைக் குழம்புதான்.